ஆலமரத்துக்கு நிழல்

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. உன் நலம் என்னவென்று நேற்றே எனக்குத் தெரிந்துபோயிற்று. உன் ரூமில் உன்னோடு தங்கியிருக்கிற கோட்டக்குப்பத்து சாதிக், தங்கச்சி நிக்காவுக்கு ஊருக்கு வந்தவன், நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "எங்க ஊட்டுப் புள்ள ஏசி ரூம்லயே ஒக்காந்து ஒக்காந்து வெளுத்துட்டானா?" என்று விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அந்தப் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "ஏசியாம்மா?" என்றான். அதற்கு மேல் அவன் எதை மறைத்தும் பிரயோஜனமில்லாமல் போய்விட்டது.

கண்ணாடிக் கூரை போட்ட நர்சரியில் பூச்செடிகளுக்குக் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சூப்பர்வைசர் வேலை என்று சொன்னாயே, தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்திருக்கிறேனே. நீயோ நெடுஞ்சாலை நடுவில் நட்டிருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறாய். போன மாதம் அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டாய். "சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. ஆஸ்பத்திரில குளுகோஸ் ஏத்தி வுட்டாங்க. அல்லா கிருபையில இப்ப எழுந்து நடமாடுறான். என்னைக் காட்டிக் குடுத்துடாதம்மா" என்று சாதிக் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைத் திட்டுவதா, உன்னைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நான் காலி டம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சாதிக்கின் மேல் கோபப்படாதே. கேட்டது நான்தான்.

போனிலேயே உன்னைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "நான் நல்லா இருக்கேம்மா, ஆலு எப்பிடி இருக்குது?" என்பாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை, மரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி. பிறகு சிக்னல் இல்லை, டூட்டிக்கு நேரமாச்சு, வண்டி வந்துடுச்சு. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. அதனால்தான் இதை எழுதி, ஒட்டி, சாதிக் திரும்பும்போது அவன் கையில் கொடுக்கப்போகிறேன். நீ ஒன்றை மறைத்தாய். நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். உன் ஆலமரம் நன்றாக இல்லை.

படித்ததும் எழுந்து போனைத் தேடாதே. முழுசாகப் படி. மூன்று தொட்டி மரங்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். புளியும் காகிதப்பூவும் பிழைத்துக்கொண்டன. அவை இரண்டுக்கும் என்ன ஆனாலும் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். ஆல்தான் உன் உயிர் என்று எனக்குத் தெரியும். உப்புக் கிடங்குச் சுவர் வெடிப்பில் முளைத்து, சுவரை இடிக்கும்போது தூக்கிப் போட இருந்த கன்றை நீதான் வேரோடு உருவி எடுத்து வந்தாய். ஆரோவில் பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த வித்தையெல்லாம் அதன் மேல்தான் காட்டினாய். கம்பி சுற்றினாய், கிளையை வளைத்தாய், வேரை நறுக்கினாய். "மரத்தப் புடிச்சி நொண்டியாக்குறான் பாரு" என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டு அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டாய். பிறகு ஒரு நாள் அது ஒரு விழுதை இறக்கியது. சோறு வடிக்கிற தட்டு அளவு தொட்டிக்குள் ஒரு முழு ஆலமரம், விழுதோடு. அதைப் பார்த்த அன்றுதான் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குப் புரிந்தது. உன்னிடம் அதைச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. இப்போது சொல்கிறேன், அது ரொம்ப அழகாக இருந்தது.

வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ வாசலில் நிற்க, நீ மாடிக்கு ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாய். "இதுக்காகவாச்சும் வந்துடுவேம்மா. வந்து கிளியனூர்ப் பக்கம் எடம் பாத்து ஒரு போன்சாய் தோட்டம் போடுவேன். இதான் மொத மரம்" என்றாய். எனக்காக வருவேன் என்று நீ சொல்லவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லையடா. பெற்றவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று பிள்ளைகள் நினைப்பது சரிதான். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. இந்த மரம் இருக்கிறவரை இவன் வருவான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த மரத்துக்கு நான் தண்ணீர் மட்டும் விடவில்லை, காவலும் காத்திருக்கிறேன்.

போன கோடையைத் தாண்டிவிட்டோம். நீ போனில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் செய்தேன். காலை வெயில் வேண்டும், மதிய வெயில் ஆகாது. தொட்டி சுடக்கூடாது, சுடுகிற சிமெண்ட் தரையில் வைக்காதே, கட்டை வைத்து உயர்த்து, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டு. கொளுத்துகிற நேரத்தில் கிளை வெட்டாதே, உரம் போடாதே. பச்சை வலை வாங்கி மாடியில் கட்டினோம். கடல் காற்று அதை ஒரே வாரத்தில் கிழித்துப் பறக்கவிட்டது. குப்பத்தில் போய்ப் பழைய மீன் வலை வாங்கி வந்து நாலாய் மடித்துக் கட்டினேன். "மரம்னா நமக்கு நெழல் குடுக்கணும். இதுக்கு நாம இல்ல நெழல் குடுக்கவேண்டியிருக்குது" என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போனதும் என் பழைய புடவை ஒன்றையும் வலை மேல் விரித்துக் கட்டினேன். நிழல் நகர்ந்தால் தொட்டியையும் நகர்த்துவேன். காலையில் மாடிப்படி ஓரம், மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாயங்காலம் துவைக்கிற கல் பக்கம்.

அப்படி நகர்த்தும்போதெல்லாம் நீதான் நினைவுக்கு வருவாய். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் நான் வேலை செய்கிற உப்பளத்துக்கே தூக்கிக்கொண்டு போவேன். அந்த வெட்டவெளியில் நிழல் என்று இருந்தால் அது குவித்து வைத்த உப்பின் நிழல்தான். அதன் ஓரம் சாக்கை விரித்து உன்னை உட்காரவைத்துவிட்டுக் கூடை சுமப்பேன். நிழல் நகர்ந்தால் நீயும் சாக்கை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவாய். யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உச்சிப்பொழுதில் நிழல் குவியலுக்குள்ளேயே போய்விடும். அப்போது நீ எழுந்து நின்று என்னைப் பார்ப்பாய். அழ மாட்டாய், பார்ப்பாய். கூடையைப் போட்டுவிட்டு வந்து என் முந்தானையை உன் தலை மேல் பிடித்துக்கொண்டு நிற்பேன், மேஸ்திரி கத்துகிறவரைக்கும். அவ்வளவுதான் என்னால் அப்போது முடிந்தது. இப்போது அதுவும் முடியவில்லை. உன் தலை மேல் பிடிக்க என் முந்தானை எட்டாது.

இந்தக் கோடை போன கோடை மாதிரி இல்லை. குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் குடத்துக்கும் அண்டாவுக்குமே போதவில்லை. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். மரங்களுக்குக் குழாய்த் தண்ணீர்தான் விடவேண்டும், போர் தண்ணீர் கரிக்கும், அதை மட்டும் விடாதே என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாய். நான் என்ன செய்வேன்? மண் வெடித்துக் கிடந்தது. இலை தொங்கிவிட்டது. போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். சும்மா ஒரு நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தேன். அது தினமும் ஆகிவிட்டது. புளிக்கும் காகிதப்பூவுக்கும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொடுத்துச் சமாளித்தேன். ஆல் உன் செல்லப்பிள்ளை என்பதால் கழுவிய தண்ணீரைக் கொடுக்க மனசு வரவில்லை. அதற்கு மட்டும் போர் பம்பை அடித்து, கழுவிய தண்ணீருக்கு இது மேல் என்று நினைத்துக்கொண்டு ஊற்றினேன்.

இன்னொன்றும் செய்தேன். அதைத்தான் எழுதக் கை கூசுகிறது. ஊற்றுகிற தண்ணீர் தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஒழுகி ஓடிவிடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஆட்கள் ஒழுகுகிற உப்புப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். பருவம் தொடங்கும்போது களிமண்ணைப் போட்டு மிதிமிதியென்று மிதித்து, ஒரு சொட்டு கீழே இறங்காமல் பாத்தியைக் கெட்டியாக்குவதுதானே எங்கள் வேலை. பாத்தி ஒழுகினால் அது மிதித்தவர்களுக்கு அவமானம். உப்பளத்திலிருந்து ஒரு பிடி பாத்திக் களிமண்ணைக் கொண்டு வந்து, உருட்டி, அந்த ஓட்டைகளில் வைத்து அடைத்தேன். நல்லா அடைத்தேன். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள்ளேயே நின்றது. வெயில் அதைக் குடிக்கும். நான் மறுபடி கொஞ்சம் ஊற்றுவேன். பாவம், தாகத்துக்குக் குடிக்கிறது என்று நினைத்து ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

இலை நுனி கருகியது. வெயில் என்று நினைத்து இன்னொரு புடவையைக் கட்டினேன். நீ வீடியோவில் கூப்பிட்டபோது புளியைக் காட்டினேன், காகிதப்பூவைக் காட்டினேன். "ஆலு எங்கம்மா?" என்றாய். "வெயிலு ஜாஸ்தின்னு உள்ள வச்சிருக்கேன். கரண்ட் இல்ல, இருட்டா இருக்குது, ஒண்ணும் தெரியாது" என்றேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குச் சத்தம் கேட்டிருக்கும். நீயும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ ஏன் தொப்பி போட்டுக்கொண்டு, முகத்தைப் பாதி மட்டும் காட்டிக்கொண்டு பேசினாய் என்று நானும் கேட்கவில்லை. சாதிக் சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம்.

அப்புறம் ஒரு காலையில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மண் மேலும் அங்கங்கே வெள்ளை. பூஞ்சை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். அது பொலபொலவென்று உதிர்ந்தது. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு. அப்படியே மாடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆழமில்லாத தட்டு, கெட்டியாக அடைத்த அடி, கரிக்கிற தண்ணீரை மெல்லிசாக விட்டு வெயிலில் காயவிட்டு, மறுபடி விட்டு, மறுபடி காயவிட்டு. வயது வந்த நாளிலிருந்து நான் செய்துவருகிற வேலை அதுதான். எனக்கு வேறு என்ன தெரியும்? உன் மரத்துக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று நான் உன் தொட்டியில் உப்பு விளைவித்திருக்கிறேன். இத்தனை வருஷம் உப்பிலேயே கிடந்தவள், என் கண்ணெதிரே விளைந்ததை நாக்கில் வைத்துப் பார்க்கிறவரை கண்டுபிடிக்கவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் வெளஞ்சிருக்குது" என்றார். கேலியா வருத்தமா என்று அவர் குரலில் தெரியவில்லை. நான் அழுததைப் பார்த்ததும் அவரே களிமண்ணைக் குடைந்து எடுத்தார்.

நல்ல தண்ணீரை நிறைய விட்டு அலசினால் உப்பு இறங்கிவிடும் என்று உன் அப்பா சொன்னார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கேன் தண்ணீரைத்தான் ஊற்றினோம். அன்று மத்தியானம் நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது கடற்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு ஒரு மேகம் ஏறியது. உப்பளத்தில் சித்திரை வைகாசியில் மேகம் ஏறினால் நாங்கள் எப்படிச் சபிப்போம் என்று உனக்குத் தெரியும். வாரி எடுக்க வேண்டிய உப்பு பாத்தி பாத்தியாய்க் கிடக்கிறது, எல்லாரும் கீற்றையும் தார்பாயையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "அய்யோ, இப்ப வர்றியே, பாவி" என்று உன் அப்பா வானத்தைப் பார்த்துக் கத்துகிறார். நானும் ஓடினேன், நானும் தார்பாயைப் பிடித்தேன். ஆனால் மனசுக்குள்ளே, பெய்யட்டும், நல்லா பெய்யட்டும், அந்தத் தொட்டி நிறைந்து வழியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்நாளில் முதல்முறையாக வெயில் வேண்டாம் என்று வேண்டினேன், அதுவும் அத்தனை பேர் உழைப்பும் பாத்தியில் கிடக்கும்போது. மழை நாலு தூறல் போட்டது. வாரி எடுக்க இருந்த உப்பு கெட்டது. வீட்டுக்கு வந்து மாடியில் பார்த்தேன், தொட்டி மண் மேலாக மட்டும் புள்ளி புள்ளியாய் நனைந்திருந்தது. எனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது.

அதற்கப்புறம் இலைகள் உதிர்ந்தன. கை பட்டாலே உதிர்ந்தன. இப்போது ஓர் இலைகூட இல்லை. விழுது மட்டும் அப்படியே நிற்கிறது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ரோட்டோரத்துல வேற ஆலங்கன்னு ஒண்ணு புடுங்கிட்டு வந்து வச்சிடலாமா? அவனுக்கு எங்க தெரியப்போவுது." உனக்குத் தெரியாதாம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் அவரைக் குறை சொல்லாதே. அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அந்த மரம் எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணலம்மா" என்கிறாய். மரம் போய்விட்டது என்று தெரிந்தால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்ற பயத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

நேற்று சாதிக் போன பிறகு நான் மாடியில் அந்த மொட்டை மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ மரத்துக்குச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மதிய வெயிலில் நிறுத்தாதே. சுடுகிற தரையில் வைக்காதே. வேர் காயவிடாதே. வாடியிருக்கும்போது வெட்டாதே, வளைக்காதே, சும்மா விடு. இவ்வளவும் தெரிந்தவன்டா நீ. ஒரு சாண் மரத்துக்கு எது ஆகாது என்று இத்தனை தூரத்திலிருந்து சொல்லத் தெரிந்தவன், உன் உடம்புக்கு எது ஆகாது என்று உனக்குத் தெரியாதா? உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தண்ணீர் விடுகிறேன் என்று உப்பை ஊட்டியவள் நான். ஆனாலும் சொல்கிறேன். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உட்கார்ந்துவிடு, யார் கத்தினாலும் கத்தட்டும். தலையில் ஈரத்துணி போட்டுக்கொள். கண்ட தண்ணீரைக் குடிக்காதே. கூட இருக்கிறவர்களிடம் உடம்பு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல். இதெல்லாம் சொல்கிறேனே தவிர, நீ கேட்பாயா, கேட்க அங்கே விடுவார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி வைக்க முடிகிறது. உன்னை நகர்த்தி வைக்க என்னால் முடியவில்லை.

தோட்டத்தில் கற்றுக்கொண்டது என்று ஒரு தடவை எனக்குச் செய்து காட்டினாய். இலையெல்லாம் கொட்டிப்போன கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கவேண்டும், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் அவ்வளவுதான். நேற்று கீறிப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். நகத்தைக் கிளை மேல் வைத்தேன். அழுத்த முடியவில்லை. உன் அப்பா மேலே வந்து பார்த்துவிட்டு, "கீறிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "வேணாம் வுடு" என்று சொல்லிவிட்டு, காற்றில் அவிழ்ந்திருந்த புடவை முனையை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கிப் போனார். இலையில்லாத மரத்துக்கு இன்னும் நிழல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் இரண்டு பேரும் அதைக் கீறமாட்டோம். நீ வந்து கீறிப் பார். பச்சையாக இருந்தாலும் வா, பழுப்பாக இருந்தாலும் வா. அந்த மரத்துக்காக வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், அந்த மரம் இல்லையென்றாலும் வா.

அம்மா